நாலு நாள் பேட்டரி

அவளுடைய கணவர் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். கட்டடம் கட்டடமாகப் போய், கயிறு, பிரேக், கதவு என்று பார்த்து, எதில் என்ன குறை என்று எழுதிக் கொடுப்பது வேலை. அந்த வேலையை ஐந்து மணிக்கு அலுவலகத்தோடு விட்டுவிட்டு வரும் நல்ல பழக்கம் அவருக்கு இல்லை. வீட்டிலும் ஒரு நீல நோட்டு உண்டு. குழாய் ஏன் சொட்டுகிறது, பால் ஏன் திரிந்தது, கதவு ஏன் கிறீச்சிடுகிறது, எல்லாவற்றுக்கும் தேதி, காரணம், கடைசியில் 'பொறுப்பு' என்று போட்டு ஓர் ஆள். இருபது வருஷ நோட்டுகளில் அந்தக் கடைசி வரியில் அவர் மட்டும் ஒருமுறைகூட வந்ததில்லை. இப்படி ஓர் உத்தமரைக் கட்டிக்கொள்ளக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். சொந்தக்காரர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் 'ரிப்போர்ட்' என்று சொல்வார்கள். முன்னால் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை.

அவள் தம்பி கப்பலில் எலக்ட்ரீஷியன். அடுத்த ஒப்பந்தம் இரண்டு வருஷம் என்றதும் அறையைக் காலி செய்தான். கட்டில் ஒருத்தருக்கு, சைக்கிள் ஒருத்தருக்கு என்று கொடுத்தவன், தான் உயிராக வைத்திருந்த பழைய ஃபிலிம் கேமராவை மாமாவுக்குக் கொடுத்தான். புது பேட்டரியும் ஒரு ஃபிலிம் சுருளும் போட்டுத்தான் கொடுத்தான். "ஒரு பேட்டரி போட்டா வருஷம் ஓடும் மாமா," என்றான். ரிப்போர்ட் அதை வாங்கி மூன்று தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, "பார்க்கலாம்," என்றார். அவர் அகராதியில் நன்றிக்கு அதுதான் சொல்.

கேமராவுக்கு வீட்டில் நடந்த மரியாதை அவளுக்குக்கூட நடந்ததில்லை. கூடத்து ஷோகேஸில் நடுத்தட்டு காலி செய்யப்பட்டது. மேலே ஒரு குட்டி விளக்கு பொருத்தி, பகலும் இரவும் எரியவிட்டார். லென்ஸ் மூடியைக் கழற்றி மேசைமேல் போட்டார். "மூடி போட்டு வச்சா கண்ணு தெரியாத மாதிரி இருக்கு," என்றார். போனில் ஒரு படம் எடுத்து குடும்பக் குழுவில் போட்டார், கேமரா பளபளவென்று உட்கார்ந்திருந்தது. மேசையில் கிடந்த மூடியை அவள் எடுத்துத் தன் பட்டன் டப்பாவில் போட்டு வைத்தாள். தம்பி கொடுத்ததில் ஒரு துணுக்குகூடக் குப்பைக்குப் போக அவளுக்கு மனம் வரவில்லை.

நாலாம் நாள் பேட்டரி செத்தது. அடுத்தது போட்டார், அதுவும் நாலே நாள்.

ரிப்போர்ட்டுக்கு உடம்பில் புது ரத்தம் பாய்ந்தது. நோட்டைத் திறந்தார். முதல் காரணம், பேட்டரி போலி. பொறுப்பு, மனைவி வேலை பார்க்கும் கடை. அவள் காது மெஷின் விற்கும் கடையில் பன்னிரண்டு வருஷமாகக் கவுன்ட்டரில் நிற்கிறாள். சட்டைப் பொத்தான் அளவு பேட்டரிகளோடுதான் பிழைப்பு. "நாலு நாள்கூட வரலியே" என்று சண்டைக்கு வரும் பெரியவர்களிடம், "தூங்கும்போது பேட்டரிக் கதவைத் திறந்து வைங்க, இல்லேன்னா அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும்," என்று தினமும் பத்துப் பேருக்காவது சொல்கிறாள். அந்த வீட்டில் பேட்டரியைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் அவள். ஆகவே அவளைக் கேட்கக்கூடாது என்பது விதி.

அவளாகவே ஒரு தடவை வாயைத் திறந்தாள். "என்னங்க, இதை ஆஃப் பண்றது எப்படி?"

"கேமரா என்ன ஃபேனா, ஆஃப் பண்றதுக்கு?" என்றார். அத்தோடு அந்த விசாரணை முடிந்தது.

இரண்டாவது காரணம், சமையலறை ஆவி. பொறுப்பு, அவள். நாலு நாள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெந்தாள். பேட்டரி சொன்ன சொல் தவறாமல் நாலாம் நாள் செத்தது. மூன்றாவது காரணத்துக்கு அவர் நோட்டைத் தாண்டிப் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அத்தை மாமன் சித்தி சித்தப்பன் எல்லாரும் இருக்கும் குடும்பக் குழுவில் இப்படி எழுதினார்: "மச்சான் கொடுத்த கேமரா நாலு நாளைக்கு ஒரு பேட்டரி தின்கிறது. உள்ளே மின்கசிவு இருப்பது தெரிந்தே என் தலையில் கட்டியிருப்பதாகக் கருத இடமுண்டு."

எலக்ட்ரீஷியனைப் பார்த்து மின்கசிவு என்றால் அது சும்மா வார்த்தையா? தம்பி குழுவில் ஒரு கட்டைவிரலை மட்டும் போட்டான். அக்காவுக்குத் தனியாகப் போன் செய்தான். "இனிமே உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்க்கா. நீ தப்பா நினைச்சுக்காதே."

"அடுத்த ஞாயித்துக்கிழமை கிளம்பறே. பார்க்காமலே போயிடுவியா?"

"போன்ல பேசலாம்," என்று வைத்துவிட்டான்.

அம்மா போன பிறகு அவனுக்குத் தலை வாரிப் பள்ளிக்கு அனுப்பியவள் அவள். இரண்டு வருஷம் கடலில் இருக்கப் போகிறவன் ஒரு வேளை தன் கையால் சாப்பிடாமல் போகப் போகிறான் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது அழுதாள். ரிப்போர்ட் எட்டிப் பார்த்துவிட்டு, "வெங்காயமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை அவர் கேமராவை ரிப்பேர் கடைக்குக் கொண்டு போனார். திரும்பி வந்தவரிடம், "என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். "ஆய்வுல இருக்கு," என்றார். கேமராவோ ஷோகேஸில் விளக்கடியில் இருந்தது. நோட்டு அலமாரிக்குள் போய்விட்டது. அதன் பிறகு மனிதர் கேமராப் பேச்சையே எடுக்கவில்லை. ஊர்க்குறை பேசாமல் அவரால் மூன்று நாள் இருக்க முடிந்ததே அவளுக்குப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் கடைக்கு வழுக்கைத் தலையும் சட்டைப் பையில் திருப்புளியுமாக ஒருவர் வந்தார். தன் காது மெஷினுக்கு பேட்டரி வாங்கிக்கொண்டு, "லிஃப்ட் இன்ஸ்பெக்டர் வீட்டம்மா நீங்கதானா?" என்று கடையே திரும்பிப் பார்க்கும்படி உரக்கக் கேட்டார். கேமரா ரிப்பேர்காரர். "உங்க கடை பேட்டரி போலின்னு சொன்னார். நான்தான் இல்லைன்னு சண்டை போட்டேன். மூடியைத் தேடி எடுத்துப் போட்டுட்டாரா?"

"எந்த மூடி?"

"லென்ஸ் மூடிம்மா. அந்தக் கேமராவுல வெளிச்சத்தை அளக்க மட்டும்தான் பேட்டரி, அதுக்கு சுவிட்ச் கிடையாது. வெளிச்சம் பட்டா முழிச்சுக்கும், மூடி போட்டா தூங்கும். மூடிதான் சுவிட்ச். அவரு என்னடான்னா மூடியைக் கழட்டிட்டு தலைக்கு மேல லைட்டும் போட்டு வச்சிருக்கார். அது தூங்கறது எப்போ? எல்லாம் சொன்னேனே, ரெண்டு தடவை சொல்லச் சொல்லி நோட்டுல எழுதிக்கிட்டாரே."

அவள் தினமும் பத்துப் பேருக்குச் சொல்லும் அதே பாடம். தெரியாமல் செய்திருந்தால் போகட்டும். செவ்வாய்க்கிழமையே தெரிந்திருக்கிறது. விளக்கை அணைத்தால் ஏன் என்று கேட்பாள், மூடி வேண்டுமானால் அவளிடம்தான் கேட்க வேண்டும். அந்த இரண்டு வெட்கத்துக்கும் பயந்து, தம்பிமேல் போட்ட பழியை அப்படியே கிடக்கவிட்டு, நாலு நாளைக்கு ஒரு பேட்டரியைக் காவு கொடுத்துக்கொண்டிருக்கிறார். பெரிய மனுஷன்.

வீட்டுக்குப் போனதும் அலமாரியைத் திறந்து நோட்டை எடுத்தாள். செவ்வாய்க்கிழமை தேதி இருந்தது. 'காரணம்: லென்ஸ் மூடி இல்லாமல் வெளிச்சத்தில் வைத்தது' என்று இருந்தது. 'பொறுப்பு' என்று எழுதி, புள்ளி வைத்து, அதற்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

ரிப்போர்ட் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் நோட்டை விரித்து அவர் மடியில் வைத்தாள். பட்டன் டப்பாவிலிருந்து மூடியை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

"பொறுப்புன்னு எழுதி நிறுத்தியிருக்கீங்களே. மை தீந்துடுச்சா?"

அவர் மூடியையே பார்த்தார். "ஆய்வு இன்னும் முடியலை."

"நாளைக்கு மத்தியானம் என் தம்பி கிளம்பறான். அதுக்குள்ள முடிச்சுடுங்க. எந்தக் குழுவுல அவனைப் பேசினீங்களோ அதே குழுவுல எழுதுங்க. நீங்க எழுதலேன்னா இந்தப் பக்கத்தை நான் படம் எடுத்துப் போடுவேன். உங்க கையெழுத்து எல்லாருக்கும் தெரியும்."

அவள் இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. அவளே கேட்டதில்லை. ஒரு மணி நேரம் போனை வைத்துக்கொண்டு எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். கடைசியில் வந்தது இது: "மேற்படி கேமராவில் குறையேதும் இல்லை என்பது மறு ஆய்வில் தெரியவந்துள்ளது. பேட்டரி தீர்ந்தது பராமரிப்பு முறையால். மச்சான் பற்றிய முந்தைய குறிப்பு திரும்பப் பெறப்படுகிறது." திரும்பப் பெறுகிறேன் என்று எழுதக்கூட விரல் வரவில்லை. விழுந்தாராம், ஆனால் மீசையில் மண் ஒட்டவில்லையாம்.

இரண்டே நிமிஷத்தில் தம்பியின் பதில் வந்தது. "தெரியும் மாமா. நீங்க முதல்ல போட்ட ஷோகேஸ் படத்துலயே மூடி இல்லை, லைட் எரிஞ்சுது. ஏன் இப்படி ஆகுதுன்னு என்னைக் கேட்பீங்கன்னு பார்த்தேன்."

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். அப்போது வந்த கோபம் சாயங்காலம் முழுக்க வந்த கோபத்தைவிடப் பெரிது. இவர் தெரிந்தும் சொல்லவில்லை, அவன் தெரிந்தும் சொல்லவில்லை. இரண்டு கௌரவங்களும் முட்டிக்கொண்டு நிற்க, நடுவில் ஒருத்தி பாத்திரம் தேய்த்துக்கொண்டு அழுதது எந்த மகானுடைய கணக்கிலும் இல்லை. தம்பிக்குப் போன் போட்டாள். "நாளைக்குக் காலையில சாப்பிட வரே. வரலேன்னா ரெண்டு வருஷம் கழிச்சும் வராதே," என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

வந்தான். மாமனும் மச்சானும் தட்டைப் பார்த்தபடி வானிலையைப் பற்றி அரை மணி நேரம் ஆராய்ந்தார்கள். அவள் அவனுக்கு மூன்று தடவை பரிமாறினாள், போதும் என்றதைக் காதில் வாங்கவில்லை. கிளம்பப் பத்து நிமிஷம் இருக்கும்போது ரிப்போர்ட் எழுந்து ஷோகேஸைத் திறந்தார். விளக்கு அணைந்திருந்தது. கேமராவுக்குப் புது பேட்டரி, மேலே மூடி.

"ரெண்டு பேரும் ஜன்னல் பக்கம் நில்லுங்க. ஒரு படம் எடுக்கறேன்," என்றார். மன்னிப்பு என்ற சொல்லுக்கு அவர் அகராதியில் இதுதான் பக்கம் என்று அவளுக்குப் புரிந்தது. தம்பி அக்காவின் தோளில் கை போட்டான்.

அந்தக் கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கிற குட்டி ஜன்னல் வேறு, படம் பிடிக்கிற லென்ஸ் வேறு. குட்டி ஜன்னலில் எல்லாம் தெரியும், லென்ஸில் மூடி இருந்தாலும் தெரியும்; பேட்டரி தூங்கினாலும் பொத்தான் க்ளிக்கென்று விழும். ரிப்போர்ட் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "தலையை நிமிர்த்து, மச்சான் கொஞ்சம் உள்ள வாங்க, விறைப்பா நிக்காதீங்க," என்று ஆணை பிறப்பித்தார். எதிரே நின்ற இருவருக்கும் லென்ஸ் மூடி கன்னங்கரேலென்று தெரிந்தது. ஆயுசுக்கும் இனி மூடியைக் கழற்றக்கூடாது என்று பாடம் படித்தவர் அல்லவா.

"மாமா, மூ..." என்று தம்பி ஆரம்பித்தான். அவள் அவன் விலாவில் ஒரு குத்து விட்டாள். எப்படியோ இந்தப் பத்து நிமிஷம் அமைந்திருக்கிறது, இதிலும் ஒரு குறை சொல்லி, அதற்கு ஒரு ரிப்போர்ட் எழுதி, அவன் முகம் சுருங்கிப் போக வேண்டுமா? தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கினான், தோள் குலுங்கியது. அது அவளுக்கும் தொற்றிக்கொண்டது. சின்ன வயதில் பாயில் படுத்துக்கொண்டு காரணமில்லாமல் சிரித்த மாதிரி, கண்ணில் நீர் வர, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"இதான், இதான், அப்படியே இருங்க," என்று ரிப்போர்ட் பரவசமாகி, ஃபிலிம் சுருள் தீரும்வரை எடுத்துத் தள்ளினார்.

மூன்று வாரம் கழித்து அவர் ஃபிலிமைக் கழுவி வாங்கிக்கொண்டு வந்தார். ஜன்னலுக்கு நேரே பிடித்தார். ஒரு நிழல்கூட விழாமல், வெறும் பிளாஸ்டிக் நாடாவாக, மறுபக்கத்துத் தெரு அப்படியே தெரிந்தது. நோட்டை எடுத்தார். தேதி போட்டார். பேனா அங்கேயே நின்றது. பிறகு இருபது வருஷத்தில் செய்யாத ஒன்றைச் செய்தார். திரும்பி அவளைப் பார்த்துக் கேட்டார்.

"நீ எதிர்லதானே நின்னே. மூடி இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"ஏன் சொல்லலை?"

"நீங்க கேட்கலையே," என்றாள். சொன்னபோது இருந்த ருசி சொல்லி முடித்ததும் இல்லை. அந்தச் சிரிப்பை இனி எங்கே போய்ப் பார்ப்பது? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சுவரில் மாட்டியிருக்கலாம். தம்பி கப்பல் ஏறி மூன்று வாரம் ஆகிறது.

ரிப்போர்ட் நோட்டில் குனிந்து காரணத்தை எழுதினார். பொறுப்பு என்று போட்டு, நான் என்று எழுதினார். பிறகு பக்கத்தில் 'அவளும்' என்று சேர்த்தார். அவள் எட்டிப் பார்த்தாள். அந்தச் சொல்லை அடித்துவிடச் சொல்லவில்லை.