பொன்னம்மை கையிலே எல்லு பொட்டி

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமானதல்ல. கழுத்து பிடித்துக்கொண்டு, இடப்பக்கம் திரும்ப முடியாமல், ஒரு எலும்பு டாக்டரின் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இடப்பக்கத்தில் ஒரு பெண் இன்னொருத்தியிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொன்னவளின் முகத்தை நான் பார்க்கவில்லை. முடிவு வரும் நேரத்தில் உள்ளேயிருந்து என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆகவே, நடுவில் வருவதெல்லாம் திருட்டு. மற்றது என் கைச்சரக்கு.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'மாகாணங்களை வெட்டி ஒட்டுவதைப் பற்றியே நாடு முழுக்கப் பேசிக்கொண்டிருந்த 1955ஆம் வருஷத்தில், திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் எள் மண்டி வைத்திருந்த ஆறுமுகநயினாரின் மனைவி பொன்னம்மை, தன்னுடைய—'

(வேண்டாம். இப்படி ஆரம்பித்தால் பொன்னம்மை கீழே விழுவதற்குள் நீங்கள் தூங்கி விழுந்துவிடுவீர்கள்.)

இரண்டாவது முயற்சி: கிணற்றடியில் பாசி வழுக்கியது.

விழுந்தவள் வலது கையை ஊன்றினாள். கரமனையில் அவர்களுக்கு அடுத்த வீடு ஸ்ரீகண்டனுடையது. செக்ரட்டேரியட்டில் கிளார்க், மலையாளி. சத்தம் கேட்டு மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தார். பொன்னம்மையின் மணிக்கட்டு கரண்டிக் காம்பு மாதிரி வளைந்திருந்தது. ஆபீசுக்குப் போகிற வழிதானே என்று சைக்கிளை மிதித்துக்கொண்டு போய், மண்டி வாசலில் நின்று கத்தினார்:

"நயினாரே! பொன்னம்மையுடெ கையிலெ எல்லு பொட்டி! வேகம், வேகம்!"

கடமையைச் செய்த திருப்தியோடு அவர் போய்விட்டார். நயினார் காதில் விழுந்தது, 'பொன்னம்மை கையிலே எள்ளுப் பொட்டி.'*

(* மலையாளத்தில் எல்லு என்றால் எலும்பு, பொட்டி என்றால் உடைந்தது. திருநெல்வேலிக்காரரான நயினார் வாயில் எள்ளு எள்தான், பொட்டி பெட்டிதான். கடைத்தெரு இரைச்சலில் எந்த ல, எந்த ள என்று யார் கண்டார்கள்? எல்லை என்று இன்னொரு சொல்லும் உண்டு. அது யாருக்கு என்பதுதான் அந்த வருஷத்துச் சண்டை.)

சனிக்கிழமை எள் விளக்குக்குக் கேட்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தார் நயினார். நல்ல கறுப்பு எள்ளாகப் பார்த்து ஒரு தகரப் பெட்டியில் நிரப்பி, மூட்டை தூக்கும் திரவியத்திடம் கொடுத்தனுப்பினார்.

3

திரவியம் விந்தி விந்தி வந்து சேர்ந்தான். பொன்னம்மை வாசற்படியில் உட்கார்ந்து, உடைந்த கையை மற்ற கையால் தாங்கிக்கொண்டிருந்தாள். புருஷன் ஓடி வருவார் என்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொதலாளி குடுத்துவிட்டாவ. ஒங்க கையிலதான் குடுக்கணும்னு சொன்னாவ."

"எந்தக் கையில?" என்றாள் பொன்னம்மை.

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. வாய்விட்டு அழுதாள். திரவியத்துக்கு ஒன்றும் புரியவில்லை; பெட்டியை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

நயினார் வழக்கம்போல் கடையடைத்துவிட்டு வந்தார். வந்ததும் வைத்தியரானார். "வெரலு ஆடுதுல்லா? அப்ப எலும்பு ஒடையல. வெறும் உளுக்குதான்." சொந்த எள்ளில் ஆட்டிய நல்லெண்ணெயைக் காய்ச்சி, வாரக்கணக்கில் தினமும் தேய்த்தார். ஆசையாகத்தான் தேய்த்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். வீக்கம் வடிந்தது, கோணல் அப்படியே தங்கிவிட்டது.

பிறகுதான் டாக்டர் ராகேலிடம் போனார்கள். நாகர்கோவில் பக்கத்துக்காரி என்பதால் தமிழிலேயே சொல்ல முடிந்தது. எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் டாக்டர்.

"எலும்பு சேந்துட்டு. ஆனா கோணலாச் சேந்துட்டு. உள்ளங்கைய மேல திருப்புங்க, பாப்பம்."

பொன்னம்மை திருப்பிப் பார்த்தாள். கை பாதியில் நின்றுவிட்டது.

"மறுபடி ஒடச்சுத்தான் நேராக்கணும். யோசிச்சுட்டு அடுத்த வாரம் வாங்க."

4

இங்கே எனக்கு நயினார்மேல் ஒரு சந்தேகம். நான் முதலில் எழுதிய நயினார் அப்பாவி. கேட்டது எள், அனுப்பியது எள். அத்தோடு கதையை முடித்திருந்தால் நீங்களும் சிரித்துவிட்டுப் போயிருப்பீர்கள்.

ஆனால் பெஞ்சில் இருந்தவள் அடுத்த விஷயத்தை மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். (இதை இரண்டு தடவை அடித்துப் பார்த்தேன். அடித்தால் கதை நொண்டுகிறது.) முந்தின வருஷம் திரவியத்தின் கால்மேல் மூட்டை விழுந்தது. அப்போது கடைக்கு வந்த மலையாளிகளிடமெல்லாம் நயினாரே சொல்லிக்கொண்டிருந்தாராம்: "திரவியத்தின்டெ காலிலெ எல்லு பொட்டி."

அப்படியானால் அவருக்கு அந்தச் சொல் தெரியும்.

ஸ்ரீகண்டன் கத்தியபோது தூத்துக்குடியிலிருந்து வந்த வியாபாரி ஒருவர் மண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். பேரம் படியும் நேரம். எலும்பு என்று கேட்டிருந்தால் எழுந்து ஓடியாக வேண்டும். எள் என்று கேட்டால் பெட்டி போதும். காதுக்கும் வியாபார சாமர்த்தியம் உண்டு என்று தோன்றுகிறது. (என் கழுத்து வலியில் தோன்றியதாகவும் இருக்கலாம்.)

ஸ்ரீகண்டன் என்ன கத்தினார், நயினார் என்ன கேட்டதாகச் சொல்கிறார் என்று இரண்டும் தெரிந்தபின், பொன்னம்மை மனசுக்குள் ஒரு தீர்மானம் செய்துகொண்டாள். அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை என்றால், எத்தனை வலித்தாலும் கையை உடைத்து நேராக்கிக்கொள்வது. விளங்கியும் வராமல் இருந்திருந்தால், கை இப்படியே கிடக்கட்டும். சோறு போடும்போதெல்லாம் அவர் பார்க்கட்டும்.

5

முடிவு, முதல் முயற்சி: நயினார் குமுறிக் குமுறி— (எழுதிப் பார்த்தேன், அழமாட்டேன் என்கிறார்.)

இரண்டாவது முயற்சி: கோவிலில் சத்தியம் செய்து— (செய்வார். அதுதான் பயமாக இருக்கிறது.)

ஆகவே கேட்டதை மட்டும் சொல்கிறேன். அடுத்த வாரம் ராகேல் கேட்டார்: "ஒடச்சிரலாமா? இல்லன்னாலும் வேல வெட்டியெல்லாம் செய்யலாம். கையேந்த மட்டும் முடியாது."

"ஒடச்சிருங்க, டாக்டர்," என்றார் நயினார் உடனே.

பொன்னம்மை அவர் பக்கம் திரும்பினாள். "திரவியம் காலு ஒடஞ்சப்போ கடைக்கு வந்தவங்ககிட்ட மலையாளத்துல ஒண்ணு சொன்னீயளே, அத ஒருக்கா சொல்லுங்க."

நயினார் வாயைத் திறந்தார்.

என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே டாக்டர் என் கழுத்தைப் பிடித்து ஒரு சொடுக்கு சொடுக்கினார். வெளியே வந்தேன். இடப்பக்கம் அருமையாகத் திரும்பியது. பெஞ்சு காலி. சொன்னவள் பொன்னம்மையேதானா, மடியில் கிடந்த கை நேரா கோணலா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் இந்தக் கதைக்கு முடிவு கிடைத்திருக்கும்.

நயினார் என்ன சொன்னார் என்பதை நீங்களே முடிவு செய்து அவளிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். திரவியம் மாதிரி, கையில்தான் கொடுப்பேன் என்று மட்டும் நிற்காதீர்கள். பொன்னம்மை ஏந்தமாட்டாள்.