மெழுகைத் துடைத்த தையல்காரர்

"பாத்ரூம் கதவக் கழட்டிட்டுப் போய் என்னடா பண்ற? மூணு நாளா போர்வையக் கட்டித் தொங்கவிட்டுக் குளிக்கிறேன். மானம் போகுது!"

"கத்தாதக்கா, தெருவுக்கே கேக்குது!"

கேட்கத்தான் செய்தது. தம்பியான தையல்காரர் கார் ஷெட்டில் கேட்டமரான் கட்டுவது தெருவில் யாருக்குத் தெரியாது? இரண்டு ஒல்லிப் படகுகளைச் சம்பந்திகள் மாதிரி இடைவெளி விட்டுப் பிணைத்த பாய்மரப் படகு. அதற்குப் பலகை வார்க்க, வீட்டிலேயே மட்டமான, வழவழப்பான இடம் பாத்ரூம் கதவுதான். அதன்மேல் கண்ணாடியிழைத் துணியை அடுக்கடுக்காக விரித்து, ரெசின் என்ற பிசினைப் பூசி, இறுகியதும் உரித்து எடுக்க வேண்டும்.

உரிந்தால்தானே!

"மூணு தரம் மெழுகு தடவுங்க, இல்லன்னா ஒட்டிக்கும்" என்று ரெசின் கடைக்காரி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். தடவினார். ஆனால் இருபது வருஷம் கத்தரி பிடித்த கை. வெள்ளை வெளேரென்ற துணியைப் பிசுக்கின்மேல் விரிக்க மனசு வரவில்லை. சோப்புப் போட்டுத் துடைத்துவிட்டார்.

கதவு போனால் போகட்டும். கல்யாணப் பேச்சை எடுத்தபோது அந்தக் கடைக்காரி சொன்னது இதுதான்: "முதல் பலகையக் காத்துக் குமிழி இல்லாமக் காட்டுங்க, அப்புறம் பேசலாம்." இன்று நாலு மணிக்கு வருகிறாள். இப்போது மணி மூன்றே முக்கால்.

வந்தவள் பலகை முழுக்கக் காசால் தட்டிக் காதை வைத்துக் கேட்டாள். "அட, ஒரு குமிழிகூட இல்லையே! எங்க, தூக்குங்க."

தூக்கினார். கதவும் தாழ்ப்பாளோடு கூடவே வந்தது.

"மெழுகு?"

"போட்டேன்... துணி அழுக்காயிடுமேன்னு துடைச்சிட்டேன்."

முதலில் சிரித்தது அக்காதான். தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வர. பிறகு மூவருமாக ஆப்பு அடித்து, வெந்நீர் ஊற்றி, ஆளுக்கொரு மூலை பிடித்து இழுத்தார்கள். படார்! மூவரும் மல்லாந்தார்கள். பலகை வந்தது, கதவின் பழுப்புத் தோலையும் உரித்துக்கொண்டு.

தையல்காரர் முகம் தொங்கிப்போயிற்று.

"குமிழி இல்லாமன்னுதான் சொன்னேன்" என்றாள் கடைக்காரி, தலைமுடியில் ஒட்டிய தூசியைத் தட்டியபடி. "கதவு இல்லாமன்னு சொல்லலையே. எங்கப்பாவ எப்பப் பாக்க வர்றீங்க?"

மறுவருஷம் கல்யாணம். இருவரும் படகிலேயே குடித்தனம் வைத்துத் துறைமுகத்துக்கே போய்விட்டார்கள். அக்காவா? புதுக் கதவு போட வந்த தச்சர் அந்த ஒரு கதவு நிலையைப் பதினோரு தரம் அளந்தாராம். நாலே மாதத்தில் அவரைக் கட்டிக்கொண்டு ஆற்றுக்கு அக்கரைக்குக் குடிபோனாள்.