கை வைக்கக் கூடாத புரோகிராம்

சில்வஸ்டருக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்கவும் மனுஷனுக்குத் தெரியவில்லை. 1984இல், தேயிலை எஸ்டேட்டுகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்த அந்தக் குன்னூர் கம்ப்யூட்டர் ஆபீசில் அதுவரை அவன் வைத்ததுதான் சட்டம். கொழுந்து எடை, ஆள் கணக்கு, சம்பளம் என்று எல்லாப் புரோகிராம்களையும் வரிசையாகக் கம்பைலரிடம் கொடுத்து, மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றி வாங்கி, ஒன்றாகச் சேர்த்துத் தருகிற கட்டளைக் கோப்பு அவன் எழுதியது. அதைத் தட்டிவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போவார்கள். பஜாரைச் சுற்றிவிட்டு வந்தாலும் முடிந்திருக்காது. கம்பைலர் அவ்வளவு மந்தம்.

இப்போது வேகமான புதுக் கம்பைலர் வந்துவிட்டது. பழையதையும் விடாமல், இரண்டில் எது வேண்டுமோ அதில் ஓடும்படி கோப்பைத் திருத்துகிற வேலையை மேனேஜர் நஞ்சப்பன் கனகமணியிடம் கொடுத்துவிட்டார். கண்டியிலிருந்து கப்பலேறி வந்து அரவேணுப் பக்கம் எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் குடியிருக்கும் குடும்பத்துப் பெண். வேலையில் சேர்ந்து வருஷம்கூட ஆகவில்லை. இதைச் சரியாகச் செய்துவிட்டால் அவள்தான் செக்‌ஷன் இன்சார்ஜ் என்று நஞ்சப்பன் வாய்விட்டே சொல்லியிருந்தார். தான் பெற்ற பிள்ளையை வேறு யாரோ இடுப்பில் தூக்கிக்கொண்டு போவதுபோல் இருந்தது சில்வஸ்டருக்கு.

கனகமணி மரியாதையாகத்தான் வந்து கேட்டாள், அவனுடைய கொழுந்துப் புரோகிராமில் ஏதாவது கவனிக்க வேண்டுமா என்று. வேண்டும்தான். கூட்ட ஆரம்பிக்கும் முன் மொத்தத்தைப் பூஜ்யமாக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடத்தில் ஏற்கெனவே கிடக்கிற எண்ணும் கூடச் சேர்ந்துவிடும். பழைய கம்பைலர் தானே பூஜ்யம் போட்டுவிடும் என்பதால் சில்வஸ்டர் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொண்டதே இல்லை. புதியது போடாது என்று அதன் கையேட்டில் படித்திருந்தான். எடை தாறுமாறாக வரட்டும், இவள் பேர் நாறட்டும் என்று வாயை மூடிக்கொண்டான்.

"ஒண்ணுமில்லம்மா. ஆனா என் புரோகிராம்ல மட்டும் நீ கை வெக்கக் கூடாது," என்றான். அவளும் தலையாட்டிவிட்டுப் போனாள்.

ஓட்டிக் காட்டும் நாளன்று எஸ்டேட் அதிகாரிகள் நாலைந்து பேர் வந்து நின்றார்கள். கனகமணி தட்டிவிட்டதும் புரோகிராம்கள் மளமளவென்று முடிந்தன. கொழுந்துப் புரோகிராமுக்கு வந்ததும் திரை அப்படியே நின்றது. சில்வஸ்டருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. ஆனால் அது படுத்துவிடவில்லை, ஊர்ந்துகொண்டிருந்தது. வந்தவர்கள் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"ஏன் அம்மணி, இது மட்டும் ஏன் இப்படி இழுக்குது?" என்று கேட்டார் நஞ்சப்பன்.

"அது சில்வஸ்டர் அண்ணனோடது, சேர். கை வைக்க வேணாம்னு சொன்னாங்க. அதனால அதை மட்டும் பழைய கம்பைலர்லயே போற மாதிரி வச்சிருக்கேன்."

எல்லோரும் திரும்பிச் சில்வஸ்டரைப் பார்த்தார்கள். ஒருவழியாக எடை வந்தது. கிராம் பிசகாமல் சரியாக இருந்தது. நஞ்சப்பன் அங்கேயே கனகமணியை இன்சார்ஜ் என்று அறிவித்தார். சில்வஸ்டரிடம், அம்மணியிடம் கேட்டு உன்னுடையதையும் புதியதுக்கு மாற்றிக்கொள் என்று சிரித்தபடி சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டம் கலைந்ததும் கனகமணி அவன் மேஜைக்கு வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மொத்தத்துக்குப் பூச்சியம் போடாம விட்டிருக்கீங்கண்ணே. புதுசுல ஓட்டிப் பார்த்தப்பவே தெரிஞ்சது. மறந்திருப்பீங்க. சேர்கிட்ட சொல்லல."

நஞ்சப்பனிடம் போட்டுக் கொடுத்திருந்தாலாவது ஆயுசு முழுக்க அவளைத் திட்டிக்கொண்டு திரிந்திருப்பான். அதற்கும் வழி வைக்கவில்லை, பாவி மகள்.