சின்ன வெட்டு, பெரிய வெட்டு

ஜோலீன் தன் அக்கா ரோண்டாவுக்குத் தர வேண்டிய பாக்கி ஒன்பதாயிரத்து அறுநூற்று நாற்பது டாலர். புருஷன் வேட் படுக்கையில் கிடந்து செத்தபோது ரோண்டா கொடுத்து உதவிய பணம். அக்கா என்றால் வயதில் பெரியவள் இல்லை, இரட்டைப் பிள்ளைகளில் முதலில் வெளியே வந்தவள், அவ்வளவுதான்.

அறுபது வயது வரைக்கும் இருவருக்கும் ஒரே முகம். அந்த முகத்தை வைத்துத்தான் டூசான் என்ற பாலைவன ஊரில் வீடு விற்றுக்கொடுத்துத் தரகு வாங்கிப் பிழைத்தார்கள். பஸ் நிறுத்தத்து பெஞ்சுகளின் முதுகில் ஒட்டிய விளம்பரப் படத்தில் இரண்டு தலையும் ஒன்றோடு ஒன்று சாய்ந்து சிரிக்கும். பெஞ்சில் சிரித்தவர்களுக்கு வயது நாற்பது. வீட்டுக் கதவைத் திறந்துவிட்டவர்களுக்கு அறுபது. வந்தவர்கள் அதையும் இதையும் ஒத்துப் பார்த்துவிட்டு வேறு தரகரிடம் போனார்கள். ஜோலீனுக்கு இதை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது.

முகச் சுருக்கத்தை வெட்டிச் சரிசெய்கிற டாக்டர் காஸ்வெல்லிடம் இருவரும் போனார்கள். இரட்டையர் என்று கேட்டதுமே அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டத்தில் வந்தார்.

“தோலுக்குள்ள நூல் கோத்து இழுக்கறதை மறந்துடுங்க. சீக்கிரமே பழையபடி தொங்கிடும். மீதி ரெண்டு வழி. சின்னதுன்னா, காது முன்னால வெட்டி, தோலை இழுத்து, மிச்சத்தை நறுக்கிட்டுத் தைக்கறது. ஒரு வாரத்துல வேலைக்குப் போயிடலாம். பெரியதுன்னா, தோலுக்குக் கீழ இருக்கிற சதையையே பிரிச்சுத் தூக்கி மேல கட்டறது. மாசக் கணக்குல வீங்கிக் கிடப்பீங்க. ஆனா பத்து வருஷம் நிக்கும்.”

சுவர் வேலை செய்தவனுக்கு இது சட்டென்று விளங்கும். ஒன்று, விரிசலை மூடி மேலே ஒரு பூச்சு. மற்றது, பழைய காரையைக் கொத்தி எறிந்துவிட்டுச் செங்கலிலிருந்து பூசிக்கொண்டு வருவது.

“ஆளுக்கு ஒண்ணா செஞ்சுக்கிட்டா எனக்குக் காசே வேண்டாம்,” என்றார் டாக்டர். “டாக்டருங்க கூட்டத்துல ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல போட்டுக் காட்டணும். ஒரே ரத்தம், ஒரே எலும்பு, ரெண்டு வேலை. இப்படி ஒரு ஜோடி எனக்கு எங்க கிடைக்கும்?” ஜோலீனின் தாடைக்குக் கீழே தொங்கியதை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். “உங்களுக்குத்தான் பெரியது வேணும். சின்னது பத்தாது. இருந்தாலும் நீங்களே பேசிக்குங்க.”

கார் நிறுத்துமிடத்தில் பேசினார்கள். அக்கினி மாதிரி வெயில்.

“கேட்டியா, எனக்குத்தான் பெரியதாம்,” என்றாள் ஜோலீன்.

“கேட்டேன். கடன் வாங்கினவளுக்குப் பெரியது, குடுத்தவளுக்குச் சின்னது. நல்லாருக்குடி உன் நியாயம்.”

“சின்னது எனக்குப் பத்தாதுன்னு அவரே சொல்றாரே, ரோண்டா.”

“வேட் கிடந்தப்போ என்கிட்ட இருக்கறது பத்தாதுன்னு நான் சொன்னேனா? வட்டின்னு வாயைத் திறந்தேனா?”



“அப்புறம் ரெண்டு பேரும் வேற வேற மாதிரி ஆயிட்டா?” என்றாள் ஜோலீன்.

“அது எப்படி ஆவோம்? ஒரே எலும்புன்னாரே.”

அறுபது வருஷமாக ஒரே முகத்தோடு இருந்தவர்கள். அது பிரியும் என்று இருவருக்குமே நம்பிக்கை வரவில்லை. ஜோலீன் சின்னதற்குக் கையெழுத்துப் போட்டாள்.

அவளுக்கு ஒரு வாரத்தில் ஆறியது. அதன் பிறகு ரோண்டாவைப் பார்த்துக்கொண்டதும் அவள்தான். வாய் திறக்க முடியாமல் கிடந்தவளுக்குக் குழாய் வைத்து சூப் கொடுத்தாள், கட்டு மாற்றினாள். தன் தலைக்குச் சாயம் போட நேரமும் இல்லை, கையில் காசும் இல்லை.

வீக்கம் வடிந்ததும் ரோண்டா நாற்பத்தைந்து வயதுக்காரியாக எழுந்து உட்கார்ந்தாள். ஜோலீனுக்குக் கன்னம் மட்டும் காதுப் பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. கழுத்து பழையபடி தொங்கியது. படம் எடுத்த டாக்டருக்கு ஜோலீனைப் பார்த்துத்தான் அதிக சந்தோஷம்.

“இது இப்படி இருந்தாத்தான் அது எடுபடும்,” என்றார். “பெரியது வேணும்னா சொல்லுங்க. உங்களுக்காகப் பாதி விலைக்குச் செய்யறேன்.”

அந்தப் பாதியைச் சேர்த்துவிடுவது என்று ஜோலீன் முடிவு செய்தாள். இரண்டு வீடு விற்றால் போதும். மறுபடியும் அக்கா முகத்துக்கு வந்துவிடலாம்.

முதல் வீட்டைப் பார்க்க மினசோட்டாவிலிருந்து ஒரு இளம் ஜோடி வந்தது. அந்தப் பெண் நிறைமாதம். ஜோலீனைப் பார்த்துச் சிரித்துவிட்டு ரோண்டாவிடம் திரும்பினாள்.

“உங்க அம்மாவா? அப்படியே உரிச்சு வெச்சிருக்கு.”

ரோண்டாவுக்கு யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

“ஆமா, அம்மாதான். வீட்டுல சும்மா உக்காருங்கன்னா கேக்கறதில்லை. அம்மா, படி இருக்கு, பாத்து வாங்க.”

அக்கா சிரித்துவிடுவாள், விளையாட்டு என்று சொல்லிவிடுவாள் என ஜோலீன் காத்திருந்தாள். ரோண்டா சமையலறைக்குள் போய்விட்டாள். கர்ப்பிணிப் பெண் ஜோலீனின் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

“எங்க அம்மாவையும் கூட்டிட்டு வந்துடலாம்னு இருக்கோம். நீங்க சொல்லுங்க, வயசானவங்களுக்கு இந்த வீடு ஒத்துவருமா?”

எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் விற்பனை கெடும். அது கெட்டால் அவள் பங்கும் போகும்.

“பின் ரூமுல காலை வெயில் வரும்,” என்றாள் ஜோலீன். “எங்களை மாதிரி முட்டி வலிக்காரங்களுக்கு நல்லது.”

அன்றே விலை பேசி முடித்துவிட்டார்கள். காரில் ஏறியதும் ரோண்டா ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

“முட்டி வலியாம். எங்கடி கத்துக்கிட்ட? இனிமே பெஞ்சுல ‘அம்மாவும் மகளும்’னே போட்டுடலாம். இரட்டையரை விட நல்லா ஓடும்.”

“நான் பெரியது செஞ்சுக்கப் போறேன், ரோண்டா. பணம் சேக்கறேன்.”

ரோண்டா சிரிப்பை நிறுத்தினாள். தங்கையின் முகத்தை, விலை போடுகிற வீட்டைப் பார்க்கிற மாதிரி, மேலிருந்து கீழே பார்த்தாள்.

“செஞ்சுட்டு? கிழவி இல்லாத ஜோடி யாருக்குடி வேணும்? நீ செஞ்சுக்கிட்டா நான் தனியாவே வித்துக்கறேன். நீ வேற வேலை பாத்துக்க. செஞ்சுக்கலேன்னா, அந்த ஒன்பதாயிரத்து அறுநூத்தி நாப்பதை விட்டுடறேன். தலைக்கும் சாயம் வேண்டாம்.”

ஏசி முழுவதுமாக ஓடியும் காருக்குள் சூடு தணியவில்லை. ஜோலீன் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினாள்.

“எழுதிக் குடு.”

“என்னை நம்பலையா?”

“எழுதிக் குடுன்னேன்.”

ரோண்டா, விற்பனைக்கு இருந்த வீட்டின் விளம்பரத் தாள் ஒன்றைத் திருப்பித் தொடையில் வைத்துக்கொண்டு, ஜோலீன் தனக்கு இனி ஒரு சென்ட்டும் தர வேண்டியதில்லை என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டுக் கொடுத்தாள்.