போர்தோவுக்கு நான் எழுதிய நாலு வரி

1

ஒப்புக்கொள்கிறேன்: மச்சானின் முதுகுத்தண்டில் தட்டு விலகியதால் எனக்குக் கிடைத்த கதை இது. பெரிய உணவகம் ஒன்றின் நிலவறையில் இருபது வருடமாக வைன் பெட்டி சுமக்கிறார். இனித் தூக்கினால் படுக்கைதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதே உணவகத்தின் மாடியில் வைன் பரிமாறும் வேலை ஒன்று காலியாக இருந்தது. போர்தோ என்ற பிரெஞ்சு வைனை ருசி பார்த்து விவரிக்கும் தேர்வில் தேற வேண்டும். ஐந்து பேர் போட்டி.

"நீதான் கதை எழுதுறியே, இவருக்கு நாலு வரி எழுதிக் குடுடா," என்றாள் அக்கா. "இருபது வருஷமா தூக்குறாரு. ஒரு சொட்டு நாக்குல பட்டதில்ல."

2

கதையின் தொடக்கம், முதல் முயற்சி: அந்தி வெயிலில், கோப்பைக்குள் மாணிக்கம் உருகி…

அடித்துவிட்டேன். நானும் பெட்டி சுமந்தவன். அந்தி நேரத்தில்தான் லாரி வரும். மாணிக்கம் பார்க்க எவனுக்கும் கை ஒழியாது.

இரண்டாவது: பிரான்ஸின் தென்மேற்கில், ஆற்றோரமாகப் போர்தோ என்னும்…

பள்ளிக்கூடப் பாடம். வேண்டாம்.

மூன்றாவது: அக்கா மீனைப் பொரித்து வைத்துவிட்டு, எவர்சில்வர் டம்ளரில் போர்தோ சிவப்பு வைனை ஊற்றினாள்.

இது இருக்கட்டும். நடந்தது இதுதான்.

3

ஒரு வாய் மீன், ஒரு மடக்கு வைன். மச்சானின் முகம் கோணியது.

"துருப்பிடிச்ச ஆணியைச் சப்புன மாதிரி இருக்கு மாப்ளே."

"வைன் புத்தகத்துலயும் அப்படித்தான் போட்டிருக்கு மச்சான். மீனுக்கு இது ஆகாது."

"பொரிச்சு முடிச்சப்புறம் சொல்லு!" என்று அக்கா கரண்டியை ஓங்கினாள்.

மறுநாள் கொழுப்போடு வாட்டிய ஆட்டுத்தொடை. கொதித்த டீத்தூளை மென்றால் நாக்கை இழுத்துப் பிடிக்குமே, அந்தத் துவர்ப்புதான் இந்த வைனிலும். கொழுப்புப் பட்டதும் அது இளகி வழிவிட்டது. மச்சான் கண்ணை மூடினார்.

"இப்ப என்ன தெரியுது மச்சான்?"

"இன்னும் பசிக்குது."

(இங்கே ஒரு சந்தேகம். வெள்ளந்தியான தொழிலாளியைக் கண்டால் வாசகர்கள் உருகிவிடுகிறீர்கள். மச்சான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. சீட்டாட்டத்தில் என்னை ஏமாற்றாத நாள் கிடையாது.)

கடைசியில் நானே எழுதிக்கொடுத்தேன். கறுத்த பிளம் பழம். தேவதாரு மரம். பழைய தோல். வாட்டிய ஆட்டுக்கறியோடு பொருந்தும். ஒரு வாரம் குளிக்கும்போதுகூட ஒப்பித்தார்.

4

தேர்வறை. வெள்ளை விரிப்பில் ஐந்து கோப்பைகள், தேர்வு நடத்துபவருக்குத் தனியாக ஒன்று. அவரை உணவகத்தில் 'மூக்கர்' என்பார்கள். மோந்தே ஊரையும் வருடத்தையும் சொல்லிவிடுவாராம். அவரே பாட்டிலைத் திறந்து ஊற்றி, முதலில் ஒரு வாய் குடித்து, "அபாரம்!" என்றார்.

நாலு பேர் பிளம் என்றார்கள், தோல் என்றார்கள். என் வரிகள் எனக்கு முன்பே பலர் எழுதியவை போலிருக்கிறது.

மச்சான் மோந்தார். மறுபடி மோந்தார். இடது கை தானாகக் கோப்பைக்கு அடியில் போய்த் தாங்கிக்கொண்டது. நனைந்த பெட்டியைத் தூக்கினால் அடி பிய்ந்து பாட்டில் காலில் விழும். அதனால் அந்த வாசனை வந்ததும் கை அடியில் போய்விடும்.

"நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசனை வருது சார். இந்தப் பாட்டில் கெட்டுப்போச்சு."

(தக்கை கெட்டால் வைனில் இதே வாசனைதான் வரும். புத்தகத்தில் இருந்தது. நாலு வரிக்குள் அடங்காது என்று நான்தான் விட்டுவிட்டேன்.)

5

முடிவு, அ: மூக்கர் எழுந்து வந்து மச்சானைக் கட்டிக்கொண்டு…

எழுதும்போதே சிரிப்பு வந்துவிட்டது. எந்த மேலதிகாரி எங்களைக் கட்டிக்கொண்டான்?

முடிவு, ஆ: "வெளியே போய்யா!"

இதை நம்புவது சுலபம். ஆனால் அக்கா படிப்பாள். எனக்குச் சாப்பாடு அவள் வீட்டில்.

ஆகவே ஒன்று செய்யலாம். மூக்கராக நீங்களே உட்காருங்கள். உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று: மூன்று நாளாக உங்களுக்குச் சளி. ஒரு வாசனையும் தெரியவில்லை. பாட்டிலில் ஒட்டிய சீட்டைப் பார்த்துத்தான் அபாரம் என்றீர்கள். நாலு பேர் அதற்குத் தலையாட்டிவிட்டார்கள். ஐந்தாமவர் முதுகைப் பிடித்துக்கொண்டு, பதிலுக்காக நிற்கிறார். வேறு பாட்டில் திறக்கச் சொன்னால் உங்கள் மூக்கின் மானம் சந்தி சிரிக்கும். சொல்லாவிட்டால் நாளைக் காலை அவர் நிலவறைக்கு இறங்கவேண்டும்.

எல்லாரும் உங்கள் வாயையே பார்க்கிறார்கள். சீக்கிரம் சொல்லுங்கள் ஐயா, தும்மல் வருவதற்குள்.