ரசமட்டத்தின் நடுவே நின்ற குமிழி

1.

இந்தக் கதை இரண்டு எடைச் சீட்டுகளிலிருந்து வந்தது. இரண்டும் என் சட்டைப் பையில் இருக்கின்றன. உத்வேகம் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். அப்படி ஒன்று எனக்கு வருவதில்லை, சீட்டுதான் வருகிறது.

கிழக்கு மொன்டானாவில் ஒரு தானியக் கிடங்கின் எடைமேடையில் எனக்கு இரவுப் பணி. கோதுமை லாரி ஏறும், எண் விழும், சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன். டீசல் மெக்கானிக் படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு இது அதிகப்படியான வேலைதான்.

2.

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

முதலாவது: "ஆகஸ்ட் வெயில் அறுத்த கோதுமைத் தாள்களின் மேல் பொன்னாக" — வேண்டாம். வெயில் ஒரு போல்டைக்கூட முறுக்கவில்லை.

இரண்டாவது: "ஆரின் தன் மனைவியை மிகவும் நேசித்தான், ஆகவே" — இதை முடித்தால் கதையே முடிந்துவிடும்.

மூன்றாவது: "போன ஆகஸ்டில் என் அக்கா மார்லிஸ், மலைக் கணவாயின் அடிவாரத்தில் கணவனின் வண்டியை விட்டு இறங்கினாள்." இது இருக்கட்டும். நடந்தது இதுதான். ஆரின் தன் பிக்கப் வண்டியின் பின்னால் வீட்டு டிரெய்லரை மாட்டி இழுத்துக்கொண்டு ஏரிக்குப் போனான். இறக்கத்தில் காற்றடித்து டிரெய்லர் வால் ஆட்ட, பிக்கப்பும் சேர்ந்து ஆடியது. ஸ்டியரிங் கையில் நிற்கவில்லை. அடிவாரத்தில் அக்கா இறங்கி, முன்பின் தெரியாத ஒரு தம்பதியின் காரில் வீடு திரும்பினாள். அதற்குப் பிறகு ஒரு வருடமாக அவள் அவன் பக்கத்து இருக்கையில் உட்காரவில்லை. தேவாலயத்துக்குக்கூட இரண்டு வண்டிகள்.

"பின்பக்கம் நாய் குந்துன மாதிரி குந்திக்கிட்டு நிக்குது, ஹெட்லைட்டு வானத்தப் பாக்குது. அது நேரா நிக்கட்டும், நான் ஏர்றேன்" என்றாள்.

ஆரின் இதை எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டான். பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்துகிற காற்றுப்பைகளுக்குச் சொல்லி அனுப்பினான்.

3.

சனிக்கிழமை காலை, நான் வேலை முடிந்து வந்த கையோடு அவன் கொட்டகைக்குப் போனேன். சேஸிஸுக்கு ஜாக்கி கொடுத்துத் தூக்கினோம். பின்சக்கரங்கள் தொங்கின. அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே இருந்த ரப்பர்க் கட்டைகளைக் கழற்றி, அந்த இடத்தில் பக்கத்துக்கு ஒரு காற்றுப்பையை வைத்தோம். கறுப்பு நிறம், சின்னப் பூசணிக்காய் அளவு. குழாய்களைப் புகைக்குழலில் படாமல் விலக்கிக் கொண்டுபோய், நம்பர் பிளேட் பக்கத்தில் வால்வுகளைப் பொருத்தினோம். சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தோம். குமிழி வரவில்லை.

பெட்டியில் வந்த காகிதத்தை எடுத்துப் படித்தேன். "மச்சான், முதல் வரியே இது. இந்தப் பை வண்டி தாங்குற எடையக் கூட்டாதாம்."

"அதெல்லாம் வக்கீல் எழுதுறது மாப்ள." காகிதத்தை வாங்கிக் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டான்.

டிரெய்லரை மாட்டினான். வழக்கம்போல பின்பக்கம் குந்தியது. காற்றை ஏற்றினான். எழுந்தது. இன்னும் ஏற்றினான். பிக்கப்பின் பக்கவாட்டுத் தகட்டின் மேல் ரசமட்டத்தை வைத்தான். குமிழி நகர்ந்து நகர்ந்து நடுவில் வந்து நின்றது. அவன் முகத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. கல்யாணப் படத்தில்கூட அவன் அப்படிச் சிரிக்கவில்லை, அவ்வளவுதான்.

டிரெய்லரோடு வந்த இரண்டு இரும்புத் தண்டுகள் சுவரில் தொங்கின. கொக்கிக்கும் டிரெய்லருக்கும் நடுவே மாட்டி இறுக்கினால், பின்னால் விழுகிற பாரத்தில் ஒரு பங்கை முன்சக்கரங்களுக்குத் திருப்பிக் கொடுக்கும்.

"அத மாட்டலையா?"

"வண்டிதான் நேரா நிக்குதே. அது வேற எதுக்கு, கிரீச் கிரீச்சுன்னு?"

(இந்தத் தவறை இந்தப் பக்கத்து ஆட்கள்தான் செய்வார்கள். வண்டி குந்தி நின்றால் ஊருக்கே மானம் போகும். முன்சக்கரத்தில் பாரம் குறைந்தால் யார் கண்ணுக்கும் தெரியாது.)

4.

மார்லிஸ் என்ற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. இதுவரை அவளை ரசமட்டத்தை மட்டும் நம்புகிற பிடிவாதக்காரியாக எழுதியிருக்கிறேன். அது எனக்கு வசதி. அப்படிப்பட்டவளிடம் எதையும் விளக்க முடியாதல்லவா?

முதல் வரைவில் நான் மறைத்த ஒன்று: அவள் இருபத்திரண்டு வருடம் தபால் நிலையத்தில் பார்சல் எடை போட்டவள். எண் புரியாதவள் இல்லை. அவளிடம் யாரும் எண்ணைக் கொடுக்கவில்லை.

5.

"வா மச்சான், எடைமேடைல ஏத்திப் பாத்துருவோம்" என்றேன். அவன் பெருமையாகவே ஓட்டி வந்தான்.

முதலில் டிரெய்லரைக் கழற்றி, முன்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தினோம். 3,260 பவுண்டு. டிரெய்லரை மாட்டிக் காற்றடித்து, குமிழி நடுவில் நிற்க, மறுபடி ஏற்றினோம். 2,780. முதல் சீட்டைக் கிழித்தேன்.

"முன்னாடி நானூத்தி எண்பது கொறையுது. இறக்கத்துல ஸ்டியரிங் கைல நிக்காது மச்சான். போன வருசம் ஆனதும் இதான். பை பின்னாடிய தூக்குச்சு, அவ்ளோதான். பாரம் எங்கயும் போகல."

திட்டுவான் என்று நினைத்தேன். கொட்டகைக்குப் போய்த் தண்டுகளைக் கொண்டுவந்தான்.

காற்றைப் பெரும்பாலும் இறக்கி, தண்டுகளை மாட்டி இறுக்கி, மேடையில் ஏற்றினோம். 3,190. இரண்டாவது சீட்டு. இழுக்க லாயக்கான வண்டி இப்போது என் முன்னால் நின்றது.

ஆரின் ரசமட்டத்தை எடுத்து வைத்தான். குமிழி முன்பக்கமாக ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. பின்பக்கம் இரண்டு அங்குலம் தாழ்ந்திருந்தது.

"ஏற மாட்டா" என்றான்.

"சொல்லிப் பாரு. சீட்டக் காட்டு."

"ஒரு வருசமாச்சு மாப்ள. 'நேரா நிக்கட்டும்'னு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. இப்பப் போயி, 'நேரா நிக்காது, ஆனா நம்பு'ன்னா? போன வருசமும் நம்புன்னுதான் சொன்னேன்."

ரசமட்டத்தைக் கீழே வைத்துவிட்டு, "பதினாறு அளவு ஸ்பேனரக் குடு" என்றான். தண்டுகளைக் கழற்றத்தான்.

நான் — (இந்த வாக்கியத்தை ஆறு முறை எழுதினேன். 'மறுத்தேன்' என்று ஒரு முறை. 'வாதாடினேன்' என்று இரண்டு முறை.)

நான் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன்.

6.

முடிவுகள்.

அ) கணவாயில் விபத்து. வேண்டாம். கதை கனமாக இருக்க வேண்டும் என்பதற்காக என் அக்காவைக் கொல்ல மாட்டேன்.

ஆ) ஒன்றும் ஆகவில்லை. ஏரிக்குப் போய், மீன் பிடித்து, பத்திரமாகத் திரும்பினார்கள். பெரும்பாலும் இதுதான் நடக்கும். இதைவிட மோசமான முடிவு கிடையாது. தன் கணக்கு சரி என்று ஆரின் சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பான், அடுத்த ஆகஸ்டில் இன்னும் கொஞ்சம் காற்றடிப்பான்.

இ) நான் அக்காவிடம் சொல்லிவிடுகிறேன். நல்ல முடிவு. ஆனால் அதைச் செய்கிறவன் இந்தக் கதையை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டான்.

7.

ஞாயிறு காலை, ஏரிக்குக் கிளம்பும் நேரம். அவர்கள் வீட்டு முற்றம். தண்டுகள் மறுபடி சுவரில், பைகளில் மறுபடி முழுக் காற்று. அக்கா காபிக் குடுவையோடு வந்தாள். ரசமட்டத்தைத் தன் கையாலேயே தகட்டின் மேல் வைத்தாள், குனிந்து பார்த்தாள்.

"பரவால்லையே யோவ், நெசமாவே நிக்குது."

"சொன்னேன்ல?" என்றான் ஆரின்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு. அவன் அந்த இருக்கையை நேற்று துடைத்து வைத்திருந்தான். பெல்ட்டை இழுத்தவள் கையை நிறுத்தி, ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள்.

"டேய், நேத்து ஒன் எடைமேடைல ஏத்துனீங்களாமே? எவ்ளோடா வந்துச்சு?"

ஆரின் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். என் கை சட்டைப் பைக்குள் போயிருக்கிறது. இரண்டு சீட்டுகள்: தண்டு இல்லாமல் 2,780, தண்டோடு 3,190. இரண்டுமே இதே வண்டியின் எண்கள். எதைக் காட்டினாலும் அச்சடித்த எண் பொய்யாகாது. இரண்டையும் காட்டினால்தான் அவளுக்குப் புரியும்.

இந்த முற்றத்தில் அந்த எண் தெரிந்தவர்கள் இப்போது மூன்று பேர். அவனும் நானும் என்ன செய்தோம் என்பதைப் படித்துவிட்டீர்கள். மூன்றாவது ஆள் நீங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, பெல்ட் இன்னும் அவள் கையில் இருக்கிறது.

உங்களைத்தான் கேட்கிறாள்.