ஈப்போவில் வாங்கிய லோரி

ஈப்போ நகருக்கு வெளியே, பழைய லோரிகள் விற்கும் ஒரு கடையில் காலை ஒன்பது மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. நீல நிற லோரி ஒன்றின் டயரை ஷான் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி ரோசலின் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்தாள். கிள்ளானில் பதினொரு வருடம் அடுத்தவர் லோரியை ஓட்டியவள். இது அவளுடைய சொந்த லோரி. விலை பேசிக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது.

இன்றைக்கே ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்றார் பழனியப்பன். அந்தக் கடைக்காக அலுவலகங்களில் அலைந்து பத்திரங்களை முடித்துக் கொடுப்பவர் அவர். பரிசோதனை, பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், ரோட்டேக்ஸ் என்ற சாலை வரி, பர்மிட் என்று எல்லாம் முடிய ஐந்து நாள் பிடிக்கும்; அவை அடுத்த வாரம் பின்னாலேயே வந்து சேரும் என்று சிரித்தார்.

"வழியில யாராச்சும் நிறுத்தினா கோப்பிக் காசுன்னு அம்பது வெள்ளி நோட்டு ஒன்னு குடுங்க பாஸ். முடிஞ்சது லா."

ஷானுக்கு அது நியாயமாகவே பட்டது. ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பார்க்கும் அவன் கெட்டவனல்ல. ஆனால் கையில் ஒரு நோட்டு இருந்தால் எந்தக் கதவும் திறக்கும் என்று நம்பியே பழகிவிட்டவன். அவசரமும் இருந்தது. ஜெஞ்சாரோமில் வாழைத் தோட்டம் வைத்திருக்கும் கன்னையா, புதன்கிழமையிலிருந்து வாழைத்தார் ஏற்றும் வேலையை ரோசலினுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். அன்று திங்கள்.

ரோசலின் கீழே இறங்கி வந்தாள்.

"இது இன்னும் என் பேர்ல இல்ல. இன்சூரன்சும் இல்ல. வழியில ஒரு மோட்டார்காரன் மேல இடிச்சுட்டா அவன் குடும்பத்துக்கு என்ன பதில் சொல்றது? அம்பது வெள்ளியா குடுக்கறது?"

அங்கேயே கன்னையாவுக்குப் போன் போட்டு, பத்திரம் முடியவில்லை, சனிக்கிழமைதான் வர முடியும் என்று உள்ளதைச் சொன்னாள். காத்திருக்க முடியாது, வேறு லோரி பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் வைத்துவிட்டார். கைக்கு எட்டிய வேலையை இவள் பிடிவாதம் கெடுத்துவிட்டதே என்று ஷான் பொருமினான்.

மறுநாள் பரிசோதனையில் லோரி தேறவில்லை. பின்சக்கரங்களில் பிரேக் பிடிக்கவில்லை. வொர்க்‌ஷாப்பில் சக்கரத்தைக் கழற்றிய மெக்கானிக், காகிதம்போலத் தேய்ந்திருந்த பிரேக் லைனிங்கை ஷான் கையில் கொடுத்தார்.

"இதோட கிள்ளான் வரைக்குமா போறதா இருந்தீங்க அண்ணே?"

ஷான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நேற்றே கிளம்பியிருந்தால் இறக்கத்தில் எங்கோ ஓரிடத்தில் ரோசலின் பிரேக்கை மிதித்திருப்பாள். பக்கத்தில் அவனும் உட்கார்ந்திருப்பான். புது லைனிங் மாட்டி லோரி பரிசோதனையில் தேறியதும், மற்ற அலுவலகங்களில் எல்லாம் அவனே வரிசையில் நின்றான்.

சனிக்கிழமை காலை, ரோசலின் பெயரில் கிளம்பியது லோரி. பேராக் மாநிலத்தைத் தாண்டி சிலாங்கூருக்குள் நுழைந்து ரவாங் நெருங்கும்போது சாலைத் தடுப்பு தெரிந்தது. ஷானின் கை பழக்க தோஷத்தில் ஒரு நோட்டை மடித்துப் பத்திரங்களுக்கு நடுவே செருகியது. ரோசலின் பார்த்துவிட்டாள்.

"எடுங்க. நம்மகிட்ட மறைக்க என்ன இருக்கு?"

அவன் கூச்சத்தோடு எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். பெண் போலீஸ் ஒருவர் எல்லாத் தாள்களையும் நிதானமாகப் பார்த்தார். லோரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு, புதிதாக வாங்கியதா அக்கா, வாழ்த்துகள் என்று மலாய் மொழியில் சொல்லி வழிவிட்டார். சாலைத் தடுப்பில் நெஞ்சு படபடக்காமல் ஷான் உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை.

ரோசலின் வீட்டுக்குப் போகாமல் லோரியை நேராக ஜெஞ்சாரோமுக்கு விட்டாள். கன்னையா லோரியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த வாரம் வேறு ஒருவரை வைத்து ஓட்டிவிட்டதாகவும், அந்த ஆள் ஒருநாள் வந்தால் இரண்டு நாள் சாக்குச் சொல்வதாகவும் குறைபட்டுக்கொண்டார்.

"வேல போயிடும்னு தெரிஞ்சும் பத்திரம் முடியலன்னு உண்மையச் சொன்ன ஆளு நீங்க ஒருத்தர்தாம்மா. திங்கக்கெழம காலைல வந்துருங்க. வருசம் பூரா லோடு உங்களுக்குத்தான்."

கிள்ளான் போய்ச் சேரும்வரை ரோசலின் முகத்திலிருந்த சிரிப்பு மறையவே இல்லை. அடுக்குமாடியின் கீழே லோரி நின்றதும் அக்கம்பக்கத்தார் சூழ்ந்துகொண்டார்கள். கீழ்வீட்டு ரிஷி, தானும் ஜொகூரில் ஒரு வேன் பார்த்திருப்பதாகவும், இந்தப் பத்திரத் தொல்லையில்லாமல் கொண்டுவர ஏதாவது வழி உண்டா என்றும் ஷான் காதோரம் கேட்டான்.

ஷான் எல்லார் காதிலும் விழும்படியே சொன்னான்:

"குறுக்கு வழி தேடாத தம்பி. லஞ்சம் குடுத்தா போலீஸ்கிட்டருந்து வேணா தப்பிக்கலாம், விபத்துகிட்டருந்து தப்பிக்க முடியாது. சட்டம் கேக்கற ஒவ்வொரு தாளும் நாமளும் ரோட்டுல போறவனும் உசுரோட வீடு வந்து சேரத்தான். அஞ்சு நாள் ஆனாலும் முறையா கொண்டு வா. அப்பத்தான் அது ஒன்னோட வண்டி."